சறுக்குமரத்தின் கீழே கிடந்த நெல்

போன மாதம் எங்கள் ஊர்ப் பூங்கா வாசலில் ஒரு புதுப் பலகை வைத்தார்கள். நீல நிறத்தில் வெள்ளை எழுத்து. "குழந்தைகளுக்கு ஏற்படும் விபத்துகளுக்குப் பெற்றோரே பொறுப்பு. மீறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்" என்று அதில் எழுதியிருக்கிறது. எதை மீறினால் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் மகள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். "டீச்சர், நான் ஊஞ்சல்லேர்ந்து விழுந்தா எங்கம்மாவைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடுமா?" என்றாளாம் ஒருத்தி. "எங்க வீட்ல அப்பாவை மட்டும் பிடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க டீச்சர், அம்மா போயிட்டா சோறு யாரு போடுவாங்க?" என்றானாம் ஒருத்தன்.

"அப்பா, அந்தப் பூங்காவுல இருபத்தாறு வருஷம் இருந்தவங்க நீங்க. இதுக்குப் பதிலை நீங்களே எழுதிக் குடுங்க. பள்ளி ஆண்டு மலர்ல போட்டுடறேன்" என்றாள் மகள். பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். இதில் எழுத்துப் பிழை இல்லையென்றால் அது என் மகளின் உபயம். விஷயத்தில் பிழை இருந்தால் அது என்னுடையது.

நான் முதலில் பேரூராட்சியில் குடிநீர்க் குழாய் வேலைக்கு உதவி ஆளாகச் சேர்ந்தேன். நாலு வருஷம் பள்ளம் தோண்டினேன், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், நனைந்தேன். பிறகு பூங்கா கட்டினார்கள். போல்ட் நட்டு முடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை அங்கே போட்டார்கள். என் பயிற்சி அவ்வளவுதான். மிச்சத்தைப் பூங்காவுக்கு வந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து கற்றுக்கொடுத்தார்கள்.

காலையில் கதவைத் திறப்பதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் பூங்கா எனக்கு மட்டும்தான். முதலில் ஊஞ்சல். சங்கிலி மாட்டியிருக்கும் கொக்கியை விரலால் தடவிப் பார்ப்பேன். இரும்பு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் பலகை மேல் ஏறி நின்று என் முழுக் கனத்தையும் போட்டு நாலு குதி குதிப்பேன். சறுக்குமரத்துக்கு வேறு வழி வைத்திருந்தேன். ஒரு சாக்கில் மணலை நிரப்பி, ஆறு வயசுப் பிள்ளை கனத்துக்குக் கட்டி வைத்திருந்தேன். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி, மேலேயிருந்து விடுவேன். நேராக வந்து மணலில் இறங்கினால் சரி. நடுவில் எங்காவது சாக்கு நூல் மாட்டினால் அங்கே தகரம் பிசிர் விட்டிருக்கிறது என்று அர்த்தம். அரத்தை வைத்துத் தேய்த்துவிடுவேன். பிள்ளைகள் அந்த மூட்டைக்குச் 'சாக்குத் தம்பி' என்று பெயர் வைத்தார்கள். ஒரு நாள் அதற்குக் கண், மூக்கு, மீசை எல்லாம் வரைந்துவிட்டார்கள். மீசை என்னுடையது மாதிரியே இருந்தது.

சித்திரை மாதத்தில் பத்து மணிக்கு மேல் சறுக்குமரத் தகரத்தில் புறங்கையை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். பத்து எண்ணுவதற்குள் கை தானாக வந்துவிட்டால் படியில் கயிறு கட்டிவிடுவேன். "மாமா, உங்க கை ரொம்ப மெத்துனு இருக்கு, எங்களுக்குச் சுடாது" என்று சண்டைக்கு வருவார்கள். கயிற்றை அவிழ்க்க மாட்டேன்.

என்னிடம் ஒரு விபத்துப் பதிவேடு இருந்தது. யாராவது விழுந்தால் அதில் தேதி, பெயர், காயம், காரணம் எல்லாம் எழுத வேண்டும். ஆரம்பத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'பிள்ளையின் குறும்பு' என்றே எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் குறும்பு. குறும்பை முடுக்க ஸ்பேனர் கிடையாது. அன்றிலிருந்து என்னால் சரிசெய்ய முடிந்ததை மட்டும் எழுத ஆரம்பித்தேன். 'கைப்பிடி ஆடுகிறது.' 'மணல் குறைந்துவிட்டது.' எழுதினால் உடனே அதைச் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பக்கத்திலும் அதையே எழுத வேண்டிவரும்.

ஜவுளிக்கடை பாய் மகன் ரியாஸ் ஒரு நாள் வேலிக் கம்பிக்கு நடுவில் தலையை விட்டு மாட்டிக்கொண்டான். அவனுடைய அத்தா கடையிலிருந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "ஏன்டா, உலகத்துல வேற எடமே இல்லையாடா உன் தலைய விட?" என்று கத்தினார். எனக்கும் ஒரு திட்டு விழுந்தது. ரியாஸ் கொஞ்சமும் கலங்கவில்லை. "அத்தா, நேரமானாலும் பரவால்ல. பரோட்டா மட்டும் வாங்கிட்டு வந்து குடுத்துடுங்க, இங்கேர்ந்தே சாப்பிட்டுக்கறேன்" என்றான். கூடியிருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவன் இரண்டு காதிலும் தேங்காய் எண்ணெயைத் தடவி, தலையைப் பக்கவாட்டில் திருப்பி, உள்ளே போன வழியிலேயே வெளியே எடுத்தேன். பதிவேட்டில் 'கம்பி இடைவெளி அதிகம்' என்று எழுதினேன். இடையில் இன்னொரு கம்பியை வெல்டிங் வைத்த பிறகுதான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன்.

பெற்றோர் மேல் தப்பே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஒருத்தர் இரண்டு வயசுப் பிள்ளையைப் பெரியவர்கள் ஊஞ்சலில் உட்காரவைத்து ஒரு கையால் ஆட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் போன். வீடியோவில் மனைவிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ச் சங்கிலியைப் பிடித்தேன்.

"ஏங்க, புள்ள கைய விட்டுட்டான்னா என்னங்க பண்ணுவீங்க?"

"அதெல்லாம் விடமாட்டான். எம் புள்ள."

"ரெண்டு வயசுல முட்டாயைக்கூடக் கெட்டியாப் பிடிக்கத் தெரியாதுங்க."

"நீ யாருய்யா எனக்குச் சொல்ல?" என்று அவர் எகிறினார். அதற்குள் போனுக்குள்ளிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "அந்த அண்ணன் சொல்றது காதுல விழலையா? மொதல்ல புள்ளைய எறக்குங்க! எறக்கிட்டு எனக்குக் காட்டுங்க!" அவர் மறுபேச்சு இல்லாமல் இறக்கினார். அன்றைக்கு அந்த மனுஷன் மேல் கேஸ் போட்டிருந்தால் நானே சாட்சிக்குப் போயிருப்பேன். ஆனால் கேஸ் வருவதற்குள் பிள்ளை விழுந்திருப்பான். அந்த அம்மாவின் குரல் உடனே வந்தது.

இனி யாழினி கதையைச் சொல்கிறேன். அதற்கு முன் எங்கள் செயல் அலுவலர் மாசிலாமணி சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லாரும் அவரை ஈ.ஓ. சார் என்போம். நல்ல பாரியான உடம்பு. சட்டைப் பையில் நாலாக மடித்த கைக்குட்டை எப்போதும் இருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். அவருடைய திட்டு "அப்படிங்களா" என்ற ஒரே சொல்தான். ஒரு தடவை சொன்னால் நாம் யோசிக்க வேண்டும். இரண்டு தடவை சொன்னால் வேலை போகலாம் என்று வீட்டில் சொல்லிவைத்துவிட வேண்டும்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாமானுக்குக் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும் முதலில் அதில் தானே உட்கார்ந்து பார்ப்பார். "பிள்ளைங்க உட்காருற எடத்துல நான் உட்காராம எப்படிங்க கையெழுத்துப் போடறது?" என்பார். புதுச் சீசா வந்தபோது ஒரு முனையில் அவர் உட்கார்ந்தார், மறுமுனையில் என்னை உட்காரச் சொன்னார். அவர் கனத்துக்கு நான் அந்தரத்தில் போய் நின்றேன். அவர் கீழேயே அமர்ந்தபடி கம்பெனிக்காரன் கொடுத்த காகிதம் நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்து முடித்தார். அதுவரை நான் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால், அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மிஷின் அறுத்துக் கொட்டிய நெல் ஈரமாகக் கிடந்தது. கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் "ஈரம் அதிகம், காயவச்சுக் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கே காயவைப்பது? ரோடு முழுக்க முன்பே வந்தவர்கள் நெல்லைப் பரப்பியிருந்தார்கள். தேன்மொழி என்று ஒரு பெண், குத்தகைக்கு மூன்று மா, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், சாகுபடி செய்கிறவள். அவள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். ஏழு வயசு மகள் யாழினியைக் கையில் பிடித்துக்கொண்டு பூங்கா வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, ரெண்டே வெயில். உங்க சிமெண்ட் தரையில கொஞ்சம் பரப்பிக்கறேன். நெல்லு முளைச்சிடும் போல இருக்கு."

பூங்காவில் நெல் காயவைக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். ஆனால் வேறு ஊர்க்காரனாக இருந்தால்தான் முளைக்கப்போகும் நெல்லைப் பார்த்துவிட்டு 'முடியாது' என்று சொல்ல வரும். நான் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்துவிட்டேன். "இந்தப் பக்கம் நல்ல வெயிலும்மா" என்று இடத்தையும் நானேதான் காட்டினேன். அது சறுக்குமரத்துக்கு அடுத்த தளம்.

சறுக்குமரத்தின் கீழே மணல், மணலைத் தாண்டினால் சிமெண்ட். தேன்மொழி தன் வேலையாக, நெல்லுக்குள் காலை விட்டு வரி வரியாகத் துழாவிக்கொண்டு போனாள். யாழினி சறுக்கி வந்தாள், எழுந்தாள், மறுபடி ஏறுவதற்கு ஓடினாள். நெல்லின் மேல் கால் பட்டது. சிமெண்ட் மேல் கிடக்கும் நெல் எப்படி வழுக்கும் என்று நம்மூர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள்.

யாரோ அவளைக் கட்டோடு படம் எடுத்து, 'பூங்காவில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லை' என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து எழுத்தர் ஒரு காகிதத்தோடு வந்தார். 'மேற்படி குழந்தையைத் தாயார் கவனிக்காமல் விட்டதே விபத்துக்குக் காரணம்' என்று என் வாக்குமூலத்தை அவரே டைப் அடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"அண்ணே, கீழ ஒரு கையெழுத்து. அந்தம்மா மேல கேஸ் போட்டுடலாம். நமக்கு ஒண்ணும் வராது."

"பாவம், கோர்ட்டுக்கெல்லாம் அலையணுமா?"

"அலையட்டுமே. நாலு பேர் பாத்துத் திருந்துவாங்க."

அதில் நெல்லைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுத்தருக்கு அது தெரியாது. தெரிந்தால் என் வேலைக்கு ஆபத்து. "கண்ணாடியை வீட்ல வச்சிட்டு வந்துட்டேன், நாளைக்குப் படிச்சுட்டுப் போடறேன்" என்று சொல்லி அனுப்பினேன். கண்ணாடி என் சட்டைப் பையிலேயே இருந்தது. பிள்ளைகளே, நான் சொன்னது பொய். பயத்தில் சொன்ன பொய்.

சாயங்காலம் தேன்மொழி வீட்டுக்குப் போனேன். யாழினி மாவுக்கட்டின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் மயில் வரைந்துகொண்டிருந்தாள். அவள் அம்மாவின் முகம்தான் விழுந்தவள் முகம் மாதிரி இருந்தது.

"முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேனேண்ணே. ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தேன்னா போதும்" என்றாள். நான் உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்துக்குள் இதையே நாலு தடவை சொன்னாள். கேஸ் விஷயத்தைச் சொன்னேன். "போட்டா போடட்டும். நீங்க எடம் குடுத்ததை மட்டும் வாயைத் திறந்து சொல்லிடாதீங்க. எனக்கு நல்லது பண்ணப்போய் உங்க வேலை போகக் கூடாது" என்றாள்.

நான் காப்பாற்ற வேண்டியவள் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். அப்படியும் மறுநாள் காலையில் நான் செய்தது என்ன தெரியுமா? ஈ.ஓ. சார் விசாரணைக்கு வருகிறார் என்று தகவல் வந்ததும் விளக்குமாற்றை எடுத்து, அள்ளியது போக அந்தத் தளத்தில் சிதறிக் கிடந்த நெல்லை இரண்டு தடவை பெருக்கினேன். நெல்லோடு சேர்த்து என் தப்பையும் பெருக்கித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

சார் வந்தார். எழுத்தர், தேன்மொழி, யாழினி, வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பிள்ளைகள், எல்லாரும் கூடிவிட்டார்கள். சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"சார், எதுக்கு சார், காகிதம் ரெடியா இருக்கு" என்றார் எழுத்தர்.

"பாப்பா எப்படி விழுந்துச்சுன்னு தெரியாம எப்படிங்க கையெழுத்துப் போடறது?" என்றபடி சார் சறுக்குமரப் படியில் ஏறினார். மேலே போய் உட்கார்ந்து பேண்ட்டை முழங்காலுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பிள்ளைகள் "ஒன், டூ, த்ரீ" சொன்னார்கள். சார் சறுக்கி வந்தார். மணலில் அழகாக இறங்கினார். கைதட்டல். எழுந்து, யாழினி ஓடிய மாதிரியே இரண்டு எட்டு ஓட்டமாக வைத்தார். சிமெண்ட் தளத்தில் இரண்டு பாளத்துக்கு நடுவே ஒரு வெடிப்பு உண்டு. என் விளக்குமாறு போகாத வெடிப்பு. அதற்குள்ளும் ஓரத்திலும் ஒரு கை நெல் மிச்சம் இருந்திருக்கிறது.

தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

சார் உட்கார்ந்த இடத்திலேயே கையைத் தரையில் தடவி, ஒரு நெல்லை எடுத்துப் பார்த்தார். அவரும் நம் பக்கத்து விவசாயி மகன்தான். நெல்லை முன்பல்லில் வைத்துக் கடித்தார். காய்ந்த நெல்லென்றால் 'டக்' என்று உடையும், இது நசுங்கியது.

"இன்னும் ஒரு வெயில் காயணும்" என்றார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, "பார்க்குல யாருங்க நெல்லு காயப்போட்டது?" என்று கேட்டார்.

"நான்தாங்க சார்" என்றாள் தேன்மொழி. அதே நேரத்தில் "நான்தான் சார்" என்று என் வாயிலிருந்தும் வந்துவிட்டது. "நெல்லு அவங்களுது சார். எடம் நான் காட்டினது. இங்கதான் நல்ல வெயில்னு சொன்னதும் நான்தான். இன்னைக்குக் காலையில பெருக்கி மறைச்சதும் நான்தான்."

"அப்படிங்களா" என்றார் சார் என்னைப் பார்த்து. தேன்மொழி பக்கம் திரும்பி, "அப்படிங்களா" என்றார். இரண்டு ஆகிவிட்டது. தேன்மொழி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது யாழினி மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். விளையாட்டுக்கு அல்ல, நிஜமான கவலையோடு கேட்டாள்.

"சார், நீங்களும் விழுந்துட்டீங்கள்ல? இப்ப உங்கம்மா மேலயும் கேஸ் போடுவாங்களா?"

எழுத்தர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. சார் அந்தப் பெரிய உடம்பு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"எங்கம்மாவுக்கு எண்பத்திரண்டு வயசு பாப்பா. கோர்ட்டுக்குக் கூப்பிட்டா ஜட்ஜுக்கு முன்னாடியே என் முதுகுல ரெண்டு வைக்கும். வச்சுட்டு, 'எங்கடா அடிபட்டுச்சு, காட்டு'ன்னு அதுவே அழும்" என்றார்.

சொல்லிவிட்டுத் தேன்மொழியை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். எழுத்தரிடமிருந்து அந்தக் காகிதத்தை வாங்கி, கைக்குட்டையைப் போல நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இது யாருக்கும் போக வேண்டாம்" என்றார். என்னிடம் பதிவேட்டைக் காட்டி, "காரணத்தை எழுதுங்க" என்றார். நான் எழுதினேன்: 'சிமெண்ட் தளத்தில் நெல். அனுமதித்தவர் நான்.' அந்தப் பதிவேட்டில் ஒரு மனுஷனைக் காரணமாக எழுதியது, பல வருஷத்துக்குப் பிறகு, அந்த ஒரு தடவைதான்.

மறுவாரம் எனக்கு மெமோ வந்தது. வர வேண்டியதுதான். நானும் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அடுத்த அறுவடைக்கு முன்னால் சார் ஒரு உத்தரவு போட்டார். பூங்காவின் பின்பக்கம் யாரும் ஆடாத பந்துத் தளத்தில் நெல் காயலாம், விளையாட்டுப் பக்கம் ஒரு மணி நெல் வரக் கூடாது, நடுவில் கயிறு கட்ட வேண்டும்.

பலகையைப் பார்த்துப் பயந்த பிள்ளைகளுக்கு என் பதில் இதுதான். வேண்டுமென்றே பிள்ளையை ஆபத்தில் விடுகிறவர் யாராவது இருந்தால் சட்டம் அவரைக் கேட்கட்டும். மற்றபடி ஒரு பிள்ளை விழுந்தால் முதலில் போல்ட்டைக் கேட்க வேண்டும், மணலைக் கேட்க வேண்டும், அப்புறம் என்னை மாதிரி ஆளைக் கேட்க வேண்டும். அம்மா அப்பாவைக் கேட்க அவசரமே இல்லை. 'ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால்' என்று அவர்கள் தங்களையே கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

சார் விழுந்த அன்றைக்கு நடந்ததில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. சார் பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். போய்விடுவார் என்று நினைத்து நான் அவர் செருப்பை நேராக எடுத்து வைத்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"முதல்ல நெல்லை எடுங்க. எனக்குச் சரியாப் பாக்க முடியல. இன்னொரு தடவை ஏறணும்" என்றார்.

நானும் தேன்மொழியும் மண்டிபோட்டு வெடிப்பிலிருந்த நெல்லை விரலால் பொறுக்கினோம். எழுத்தரும் உட்கார்ந்து பொறுக்கினார். சார் மேலே போய் உட்கார்ந்ததும் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தார்கள். யாழினி மட்டும் எண்ணவில்லை. அவள் சறுக்குமரத்தின் கீழே போய் மணலில் காலை அகட்டி நின்றுகொண்டு, கட்டுப் போடாத கையை அவரைப் பார்த்து நீட்டினாள்.

"பயப்படாம வாங்க சார். நான் பிடிச்சுக்கறேன்."